எடுத்து வைத்த மரம்

ஓடையைக் கயிறு பிடித்துக் கடக்கிற இடத்தில் விருந்தாளிகளை எப்போதும் ஐந்து நிமிடம் நிறுத்திவைப்பேன். அட்டை ஏறியிருக்கிறதா என்று ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு வெள்ளம் வந்த கதையை ஆரம்பிப்பேன். எதிரே கிடக்கிற பெரிய பாறையைக் காட்டி, போன மழை வரைக்கும் அது அங்கே இல்லை என்பேன். அது உருண்டு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் போன மழை என்றுதான் சொல்வேன். யாராவது ஒரு பெண் தன் கணவனின் கையைப் பிடித்துக்கொள்வாள். அதைப் பார்த்தால் எனக்கு ஒரு திருப்தி. இந்த வேலையில் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது அந்த ஐந்து நிமிடம்தான், மற்றதெல்லாம் வெறும் நடை.

பைக்காரா போகிற சாலையிலிருந்து கிளென்மார்கன் பக்கம் இறங்கினால், தேயிலைக்கு மேலே மேட்டில் ஒரு தங்கும் விடுதி இருக்கிறது. அங்கே நான் வழிகாட்டி. விருந்தாளிகள் முதல் நாள் பைக்காராவில் படகு ஓட்டிவிட்டு வருவார்கள். இரண்டாம் நாள் என் கையில் ஒப்படைக்கப்படுவார்கள். விடுதியிலிருந்து ஓடையை ஒட்டியே கீழே இறங்கி, ஓடையைக் கடந்து, சின்ன அருவி ஒன்றைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். இதற்காக நான் பூட்ஸ் போட்டிருப்பேன், வட்டத் தொப்பி வைத்திருப்பேன், கையில் ஒரு தடியும் இருக்கும். நான் அப்படிக் கிளம்புவதைப் பார்க்கும்போதெல்லாம் என் அக்கா, "எங்க ஊட்டு தொரை கெளம்பிட்டாரு" என்பாள். தொரை என்றால் பழைய நாளில் எஸ்டேட் மேனேஜர். எங்கள் அப்பாவும் அம்மாவும் சிலோன் எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்த வார்த்தை. அவர்கள் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்தது அதிகம் இல்லை. தேயிலையை விட்டு வந்தார்கள், வந்து சேர்ந்ததும் தேயிலைக்கே. அதனாலோ என்னவோ, கொழுந்து பறிக்கிற வேலை என்றாலே எனக்கு ஆகாது. பதினெட்டு வயதில் மூன்று மாதம் செய்துவிட்டு, இனி செத்தாலும் இந்தச் செடியைத் தொடமாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். தொடாமலே நாற்பத்தைந்து வயது வரை வந்துவிட்டேன்.

வந்துவிட்டேன் என்று நான் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் இருந்தது அக்காவின் வீட்டில். ஓடைக்கு அக்கரையில், வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைனில், கடைசிக்கு முந்தின கதவு. லைன் வீடு யாருக்கும் சொந்தமில்லை. வீட்டில் ஒருவர் பெயராவது எஸ்டேட்டின் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பட்டியலில், இருக்க வேண்டும். அந்தப் பெயர் போனால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே பெயர் அக்காவுடையது. அவள் புருஷன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். மகள் ஊட்டியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள், பி.காம் இரண்டாம் வருடம். அக்கா சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கிறவரை எங்கள் மூன்று பேருக்கும் கூரை. அவள் கால் இரண்டும்தான் எங்கள் வீடு. இது எனக்குத் தெரியாதது இல்லை. ஒவ்வொரு நாளும் அந்தக் கூரைக்குக் கீழேதான் பூட்ஸைக் கழற்றினேன்.

வெள்ளம் வந்தது ஆடி மாதம், பட்டப்பகலில். நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் மதியம் மேலே எங்கேயோ மண் சரிந்து, ஓடையை அடைத்து, அடைப்பு ஒரே நேரத்தில் உடைந்தது. தண்ணீர் வருகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பாறை உருள்கிற சத்தம்தான் கேட்டது, அடி வயிற்றில் கேட்டது. எல்லாம் அரை மணி நேரம். நின்றபிறகு போய்ப் பார்த்தோம். ஓடை தன் பாதையை விட்டு எங்கள் பாதையை எடுத்துக்கொண்டிருந்தது. மூன்று இடத்தில் வழி அறுந்திருந்தது. தேயிலைச் செடிகள் வேரோடு தொங்கின, வேர் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் பார்த்தேன். ஓடைக்குக் குறுக்கே இருந்த கான்கிரீட் பாலத்தில் ஒரு கம்பி மட்டும் மிச்சம். அந்தப் பாலம் வழியாகத்தான் லைன் பெண்கள் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து, ரோட்டில் லாரி நிற்கிற எடை போடும் இடத்துக்குக் கொண்டுபோவார்கள். சுற்றிப் போனால் ஃபேக்டரி வழியாக ஒன்றரை மணி நேரம். பாலம் யார் கட்டித் தருவது என்று கேட்கப் போனவர்களை ஒவ்வொரு ஆபீஸும் அடுத்த ஆபீஸுக்குக் கை காட்டியது. அந்தக் கதையைச் சொன்னால் எனக்கே கொட்டாவி வருகிறது.

எனக்கு அந்த வெள்ளம் நல்லது செய்தது. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். பத்து நாள் கழித்து விருந்தாளிகளைக் கூட்டிப்போக வேண்டியிருந்தது, பாலம் இல்லை. இரண்டு கரையிலும் மரத்தில் நைலான் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்க வைத்தேன். சென்னையிலிருந்து வந்த ஐந்து பேர். பயந்தார்கள், கத்தினார்கள், அக்கரை ஏறியதும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஏதோ எல்லையில் போய்ச் சண்டை போட்டு வந்தவர்கள் மாதிரி. அன்று சாயங்காலமே போட்டோக்கள் போனில் ஏறின. அடுத்த வாரம் அறைகள் நிறைந்தன. அதுவரை என் பெயரைக்கூட ஒழுங்காகக் கூப்பிடாத முதலாளி எனக்குப் புது ரெயின்கோட் வாங்கிக் கொடுத்தார்.

அதற்குள் லைன் பெண்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். முன்னால் நின்றது அக்காதான். நிழல் மரம் வெட்டிய இடத்தில் சூப்பர்வைசரிடம் கேட்டு, கைத் தடிமனுக்குக் கொஞ்சம் பெரிதாக மூன்று சில்வர் ஓக் மரம் வாங்கினாள். நாலு பேராகச் சுமந்து வந்து, ஓடை குறுகுகிற இடத்தில், பாறைக்குப் பாறை நெருக்கிப் போட்டார்கள். உருளாமல் இருக்க விடுதிப் பக்கத்துத் தலைப்பில் தன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினாள். முதலில் அவளே மூட்டையோடு நடந்து காட்டினாள். ஆறு அடி கீழே பாறையும் தண்ணீரும். நான் அக்கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை கொடுத்தாயா என்று கேட்டால், பூட்ஸில் சேறாகிவிடும் என்று நினைத்ததுதான் நினைவுக்கு வருகிறது.

மரம் போட்ட அடுத்த வாரமே வம்பு வந்தது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். ஓடைக்கு வந்ததும் அந்த மனிதர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னங்க இது, பாலம் இருக்கே. போட்டோல கயிறு இருந்துச்சே?" என்றார். ஏமாந்துவிட்ட குரல். கயிறும் இருக்கிறது, வேண்டுமானால் அதில் வரலாம் என்றேன். பக்கத்தில் பாலத்தை வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்க யாருக்கு மனது வரும்? மரத்தின் மேல் நடந்துபோனார்கள், நடந்து வந்தார்கள், முதலாளியிடம் முறையிட்டார்கள்.

முதலாளி கோயம்புத்தூர்க்காரர். கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகும். "ஏப்பா, இதுக்கு என்ன பண்ணலாம்னு சொல்லு" என்றார்.

அவர் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும், அந்த ஆளின் மேல் பழி போட எனக்கும் ஆசைதான். ஆனால் வாய் என்னுடையது. "அதுக்கென்னங்க. நம்ம ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்து வெச்சுட்டு, போனதுக்கப்புறம் போட்டுட்டாப் போச்சு" என்றேன். அவர் என் தோளில் தட்டினார். தட்டிய இடம் ராத்திரி வரை சூடாக இருந்தது போலத் தோன்றியது. அவ்வளவு மலிவான ஆள் நான்.

முட்டாள்தனமாகச் செய்யவில்லை. நேரம் பார்த்துத்தான் செய்தேன். பெண்கள் காலை எடை முடித்துப் பத்து மணிக்குள் திரும்பிவிடுவார்கள், மதிய எடைக்கு இரண்டு மணிக்கு வருவார்கள். என் நடை பத்தரைக்கும் ஒன்றுக்கும் நடுவில். பத்தேகாலுக்கு விடுதிப் பக்கத்துக் கரையில் நின்று முடிச்சை அவிழ்த்து, மூன்று மரத்தையும் ஒவ்வொன்றாக இழுத்து, ஓரத்துப் பெரணிப் புதருக்குள் தள்ளி, தழையை இழுத்து மூடிவிடுவேன். திரும்பும்போது எல்லோரும் இந்தக் கரைக்கு வந்ததும், மேடு ஏறிக்கொண்டிருங்கள், பின்னாலேயே வருகிறேன் என்று அனுப்பிவிட்டு மரத்தைப் போட்டுக் கட்டுவேன். பத்து நிமிட வேலை. அவர்கள் நான் ஒன்றுக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

எப்போதாவது யாராவது நேரம் தப்பி வந்துவிடுவார்கள். ஒருநாள் கடைசி வீட்டுப் பெரியவர் மாத்திரை வாங்க ரோட்டுக்கு வந்தவர், அக்கரையில் நின்று மரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வளைவில் விருந்தாளிகளோடு மறைந்து நின்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, நடுவில் ஒருமுறை உட்கார்ந்து, எழுந்து போகிறவரை விருந்தாளிகளுக்கு ஒரு பறவையைக் காட்டிக்கொண்டிருந்தேன். பறவை எப்போதோ பறந்துவிட்டது. லைனில் பேச்சு கிளம்பியது. காட்டெருமை வந்து மரத்தைத் தள்ளிவிடுகிறது என்று யாரோ சொன்னார்கள். "ஆமாங்க, குளம்புத் தடம் நானே பார்த்தேன்" என்றேன்.

அக்கா சோற்றைக் கிளறிக்கொண்டே சிரித்தாள். "முடிச்ச அவுத்துட்டு, திரும்பவும் கட்டி வெக்கிற காட்டெருமை நம்ம எஸ்டேட்டுலதான்டா இருக்கு" என்றாள். நானும் சிரித்தேன். அவள் போடுகிற முடிச்சு வேறு, நான் போடுகிற முடிச்சு வேறு. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த நாள் ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. எட்டு விருந்தாளிகள், அதில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள். நடை நன்றாகப் போனது. திரும்பி இந்தக் கரைக்கு வந்தபோது மணி ஒன்று. மரத்தை எடுக்கலாம் என்று புதரைப் பார்த்தேன். அந்தப் பிறந்தநாள் பெண், "அண்ணா, நீங்களும் வாங்க, கேக் வெட்டுறப்ப நீங்க இல்லாம எப்படி? குரூப் போட்டோவுல நீங்கதான் நடுவுல" என்றாள். இத்தனை வருடத்தில் என்னை யாரும் போட்டோவுக்கு நடுவில் கூப்பிட்டதில்லை. இரண்டு மணிக்குத்தானே எடை, கேக் வெட்ட எத்தனை நேரம், ஒன்றே முக்காலுக்கு ஓடி வந்துவிடலாம் என்று நினைத்தேன். போனேன். நடுவில் நின்றேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். பிறகு பிரியாணி வந்தது. உட்காருங்கள் என்றார்கள், உட்கார்ந்தேன். அக்காவுக்கு ஒரு பொட்டலம் கட்டித் தரச் சொன்னேன். அவ்வளவு பாசம்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேகம் இறங்கியது. எங்கள் பக்கம் அது சாதாரணம். ஐந்து நிமிடத்தில் முன்னால் இருக்கிற செடி தெரியாது. இனி பறிக்க முடியாது என்று சூப்பர்வைசர் அன்று எடையை முன்கூட்டியே போடச் சொல்லிவிட்டார். நான் பார்த்து வைத்த நேரத்தில் மேகத்துக்கு இடம் இருக்கவில்லை.

விழுந்ததை நான் பார்க்கவில்லை. பின்னால் வந்த பெண்கள் சொன்னதுதான். அக்காதான் முதலில் வந்தாள். தலையில் மூட்டை, இரண்டு கையும் அதன் மேல். அப்படிப் போகிறவர்கள் கீழே குனிந்து பார்க்க முடியாது, கால் பழக்கத்தில் போகும். தினமும் நாலு தடவை மிதிக்கிற இடம். பாறையிலிருந்து வலது காலை எடுத்து மரம் இருக்கிற இடத்தில் வைத்தாள். பின்னால் வந்தவளுக்கு மேகத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். மூட்டை தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டு, "என்னக்கா, மூட்டையை விட்டுட்டியா" என்று கேட்டிருக்கிறாள்.

நான் பொட்டலத்தோடு கீழே இறங்கி வந்தபோது நாலு பெண்கள் தண்ணீருக்குள் நின்றார்கள். அக்கா பாறைக்கு நடுவில் மல்லாந்து கிடந்தாள். வலது தொடை இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கொழுந்து தண்ணீரில் பச்சையாகப் பரவிப் போய்க்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "மரம் எங்கடா?" என்று கேட்டாள்.

"காட்டெருமைக்கா" என்றேன்.

கையில் பிரியாணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அதைச் சொன்னேன். அவள் என் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் ரோடு வரைதான் வரும். அங்கே வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும், வழி மூன்று இடத்தில் அறுந்து கிடக்கிறது. லைனிலிருந்து இரண்டு ஆண்கள் கம்பளியோடு ஓடி வந்தார்கள். "கம்பளி ஆச்சு. கட்டுறதுக்குக் கம்பு வேணும். யாராச்சும் போயி கவாத்துக் கத்தி எடுத்தாங்க, வெட்டிக்கலாம்" என்றார் ஒருவர். கத்தி எடுத்துவந்து மரம் வெட்ட அரை மணி ஆகும். அக்காவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நேரம் வேறு எதுவும் தோன்றவில்லை. மூன்று எட்டில் கரை ஏறினேன், புதருக்குள் கையை விட்டேன், ஒரு மரத்தை இழுத்தேன், இன்னொன்றை இழுத்தேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பியபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மேகத்தில், அந்த மரம் கிடக்கிற இடம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் வந்து மரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

கம்பளியைச் சுற்றிக் கட்டி அக்காவைப் படுக்க வைத்தோம். நான் தலைமாட்டில் வலது பக்கம் பிடித்தேன். மேடு ஏறும்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. அவளுடைய வலது கை மரத்தைப் பிடித்திருந்தது. மரத்தின் தலைப்பில் சிவப்புச் சேலைக் கிழிசல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, அதை அவள் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தாள். ரோடு வரை தடவினாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எங்கேயோ ஓர் இடத்தில் இவள் செத்துப்போனால் தேவலை என்று ஒரு நினைப்பு வந்து போனது. வலியிலிருந்து அவளுக்கு விடுதலை என்பதற்காக இல்லை. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்காமல் இருப்பாளே என்பதற்காக. அப்படிப்பட்ட நினைப்பு வந்த பிறகும் ஒருவன் சாப்பிடுகிறான், தூங்குகிறான் என்பதை நான் தெரிந்துகொண்டேன்.

ஊட்டியில் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். தொடையில் கம்பி வைத்தார்கள். மகள் கல்லூரிக்கு லீவ் போட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். எப்படி விழுந்தாங்க என்று அவள் என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். காட்டெருமை மரத்தைத் தள்ளிவிட்டிருந்தது என்றேன். "சரிங்க மாமா" என்று தலையை ஆட்டினாள். பெரிய கெட்டிக்காரன் தப்பித்துவிட்டான் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் அக்கா வீட்டுக்கு வந்தாள், நான்கு கால் உள்ள ஒரு கம்பிச் சட்டத்தைப் பிடித்து நடந்துகொண்டு. சமதரையில் நடக்கலாம், சரிவில் ஏற முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் எஸ்டேட்டில் சமதரை என்று இருப்பது மேனேஜரின் பங்களா முற்றம்தான். ஆபீஸுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். நானும் அக்கா மகளும் போனோம். மேனேஜர் கெட்டவர் இல்லை. அக்கா பெயரை எடுக்க வேண்டியிருக்கிறது என்று வருத்தமாகத்தான் சொன்னார்.

"வீட்ல வேற யாராவது பேரைக் கொடுத்தா வீடு அப்படியே இருக்கட்டும். இல்லாட்டி மூணு மாசத்துல பார்த்துக்கோங்க" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். என் பூட்ஸைப் பார்த்தார். "நீங்க வர்றீங்களா? இந்த வயசுக்கும் எடுத்துக்கலாம். கொழுந்து வேண்டாம்னா மருந்தடிக்கிற வேலை இருக்கு."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். "எனக்கு முதுகு வலிங்க சார். மூட்டை தூக்க முடியாதுங்க" என்றேன். என் முதுகுக்கு ஒன்றும் இல்லை. பத்துக் கிலோ பையோடு வாரம் நான்கு நாள் மலை ஏறி இறங்குகிற முதுகு.

பக்கத்தில் நின்ற பெண் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் பேரை எழுதிக்கோங்க சார்" என்றாள். படிப்பை என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். "அப்புறம் பாத்துக்கலாங்க சார்" என்றாள். பெயரை எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்து அவள் செருப்பை மாட்டியபோது தோளில் கல்லூரிப் பை இருந்தது. அன்று காலை கல்லூரிக்குப் போவதாகத்தான் கிளம்பியிருந்தாள்.

இனி மரத்தைத் தொடமாட்டேன் என்று எனக்குள் சத்தியம் செய்தேன். மூன்று மாதம் தொடவில்லை. அந்த மூன்று மாதம் விருந்தாளிகள் குறைவு, அதனால் சத்தியம் சுலபமாக இருந்தது. சித்திரையில் சீசன் வந்தது. ஊட்டியில் அறை கிடைக்காதவர்களெல்லாம் எங்கள் பக்கம் வந்தார்கள். முதலாளி எதுவும் சொல்லவில்லை. ஓடைக் கயிற்றைப் புதிதாக வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான். நான் மறுபடியும் பத்தேகாலுக்கு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். இந்தமுறை ஒழுங்காகத் திரும்பப் போட்டேன். யார் கேக் வெட்டினாலும் போகவில்லை. அதையே ஒரு பெரிய திருந்தலாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கதையிலும் புதிதாக ஒன்று சேர்ந்தது. இதே இடத்தில் ஒரு பெண் தலைச்சுமையோடு மேகத்துக்குள் கால் வைத்தாள் என்று சொல்வேன். விழுந்ததைப் பார்த்த மாதிரியே சொல்வேன். மூட்டை முதலில் போனதா, ஆள் முதலில் போனாளா என்பதைக்கூடச் சொல்வேன். பாறையைவிட இது நன்றாக எடுபட்டது. "அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். நன்றாகிவிட்டாள், இப்போதும் கொழுந்து பறிக்கிறாள் என்பேன். நிம்மதியாகக் கயிற்றைப் பிடிப்பார்கள். நல்ல முடிவு கேட்கிறவர்களுக்கு நல்ல முடிவைக் கொடுப்பதில் எனக்குக் கஞ்சத்தனம் இல்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஆறு பேர், விடுதிப் பக்கத்துக் கரையில் நிற்கிறார்கள். நான் கதையில் அந்தப் பெண்ணை விழவைத்துவிட்டேன். எல்லோர் முகமும் நான் விரும்பிய மாதிரி ஆகியிருந்தது. எங்களுக்குப் பின்னால் மேட்டிலிருந்து யாரோ இறங்கி வருகிற சத்தம். அக்கா மகள். காலை எடை முடிந்து ரோட்டில் ஏதோ வேலையாகத் தங்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். காலிச் சாக்கு தோளில் கிடந்தது. தேயிலைக் கறை ஏறி விரலெல்லாம் அவள் அம்மாவுடைய விரல் மாதிரி கறுத்துப் போயிருந்தன. எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. விருந்தாளிகளில் ஒரு அம்மா அவளைப் பார்த்ததும், "ஏம்மா, நீங்க இந்த எஸ்டேட்தானா? இங்க விழுந்தாங்களே, அந்தப் பொண்ணை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியுங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். தீப்பெட்டி எங்கே என்று கேட்கிற குரலில், "மாமா, மரம் எங்கீங்க?" என்றாள்.

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். புதரிடம் போனேன். தழையை விலக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்துப் போட்டு, அக்கரைப் பாறையில் தலைப்பு உட்காருகிறவரை தள்ளினேன். மூன்றாவது ஒரு தடவை நழுவியது. "நல்லா உக்கார வெய்ங்க" என்றாள். கேள்வி கேட்ட அந்த அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் மரத்தின் மேல் நடந்து அக்கரை போனாள். போய்ச் சாக்கைக் கீழே வைத்தாள். குனிந்து, மூன்று மரத்தையும் ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவசரமே இல்லை. இழுத்து முடித்து, சேற்றுக் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நீங்க கயித்துலயே வாங்க மாமா. நல்லாருக்கும்னு சொல்லுவீங்கல்ல" என்றாள். நாங்கள் தண்ணீரில் இறங்குகிறோமா என்று நின்று பார்க்கவில்லை. லைன் பக்கம் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மரம் அக்கரையில்தான் இருக்கிறது. போடுவதும் எடுப்பதும் லைன் பெண்கள். எடைக்கு வரும்போது போடுகிறார்கள், திரும்பியதும் தங்கள் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறார்கள். விருந்தாளிகளுக்குக் கயிறு இருக்கிறது, முதலாளிக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் நான் வேலைக்குப் போகிற நேரத்தில் அங்கே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். வாய் திறந்து கேட்டால் எனக்கும் மரத்தைப் போடுவார்கள், வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். நான் கேட்பதில்லை. பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போகிறேன். சாயங்காலம் அப்படியே திரும்புகிறேன்.

முதல் நாள் அப்படி ஈரக் காலோடு வீட்டு வாசலில் நின்றபோது அக்கா உள்ளேயிருந்து கம்பிச் சட்டத்தைத் தள்ளித் தள்ளி வந்தாள். கால் துடைக்கச் சாக்கு எடுத்து என் முன்னால் போட்டாள். விழுந்ததிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்று என் காலைப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் கேட்டாள்.

"தண்ணி சில்லுனு இருந்துச்சுங்களா, தொரை?"